உப்புப் பார்க்காத சீர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரம். மகள் வந்து தோளைத் தட்டினாள். "அப்பா, வாயைத் திறங்க. உப்புப் பாருங்க."

கண்ணைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டேன். முந்திரிப் பருப்பு. தேன், மிளகாய்த்தூள், எலுமிச்சம்பழம், பெயர் தெரியாத ஏதோ காய்ந்த இலையின் தூள். ஏர் பிரையர் என்று ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். எண்ணெயே இல்லாமல் அதற்குள் வைத்து வறுத்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. போய்விட்டு மறுபடி வந்தாள். "இப்பப் பாருங்க." மறுபடியும் போய், மறுபடியும் வந்தாள். அவள் போனைப் பார்த்துச் செய்கிறவள். போனில் சமையல் சொல்லித்தருகிற ஒரு அம்மா ஒவ்வொரு கட்டத்திலும் வாயில் போட்டுப் பார்க்கச் சொல்கிறாராம்.

அடுப்படியிலிருந்து என் மனைவி செல்வியின் குரல் கேட்டது. "செஞ்சதுல பாதி உப்புப் பாத்தே தீந்துருச்சு."

சொல்லிவிட்டு எட்டி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். செல்வி, "ஒண்ணுமில்ல, நீ போய்ப் பொட்டியப் பாரு, கருகப் போகுது" என்று அனுப்பிவிட்டாள். மகளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் கோரிப்பாளையத்தில் தர்கா பக்கம் ஒரு வளவுக்குள் குடியிருந்தோம். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்குமாக ஒரு அடிகுழாய். நான் காளவாசல் பக்கம் ஒரு கடலை மண்டியில் வேலை பார்த்தேன். மூடை இறக்குவது, சலிப்பது, சொத்தையும் கல்லும் பொறுக்குவது, சாக்குத் தைப்பது. கடலை மண்டியின் வாசனை தெரியுமா உங்களுக்கு? பச்சைக் கடலைக்கு ஒரு மண் வாசனை உண்டு. அதோடு சணல் சாக்கின் வாசனையும் தூசியும் சேர்ந்து மூக்குக்குள் ஒரு படலமாகவே தங்கிவிடும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. செல்வி ஆரம்பத்தில் முகம் சுளித்தாள். பிறகு அந்த வாசனையை வைத்தே நான் வளவுக்குள் நுழைந்ததைக் கண்டுபிடித்துச் சோற்றை எடுத்து வைக்கப் பழகினாள். நான் வந்துவிட்டேன் என்று குரல் கொடுக்கிற ஆள் இல்லை என்பதால் அது வசதியாகவும் இருந்தது.

என் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெயர் சொல்ல வேண்டும் என்றார்கள், அதோடு சரி. பெண் பார்க்கப் போன இடத்தில் "பொண்ணப் பிடிச்சிருக்கா" என்று கேட்டபோது சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினேன். "காலண்டரப் பிடிச்சிருக்காம்" என்று செல்வியின் சித்தப்பா சொன்னதை இன்றைக்கும் அவர்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் முன்னமே போய்விட்டார்கள். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. மேற்கே செக்கானூரணி தாண்டி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. காடு தோட்டம் உள்ள குடும்பம், ஆள் பெருத்த குடும்பம். அக்காவுக்கு ரொம்ப காலம் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அந்தக் காலத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று என்னிடம் சொன்னதில்லை. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கொஞ்சம் மெலிந்திருப்பாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காது குத்தவேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு என்னை அழைக்க வந்தாள்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். அவன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவன் சீர்த் தட்டுகளோடு வந்து இறங்க வேண்டும். அந்தத் தட்டுகளைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதா என்று ஊர் முடிவு செய்யும்.

அக்கா டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ வந்து மடியில வச்சுக்கிட்டாப் போதும்டா தம்பி. வேற ஒண்ணும் வேணாம்." டம்ளரைக் கீழே வைத்தபிறகு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "ஆனா மதினி தட்டு எண்ணும்."

மதினி என்றால் மச்சானுடைய மூத்த அக்கா, பேச்சியம்மா. அதே ஊரில் பக்கத்து வீட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அக்காவுக்கு மதினி என்றால் எனக்கும் மதினி முறைதான், கேலி பேசுகிற முறை. கேலி என்றால் சாதாரணக் கேலி இல்லை. அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் ஊரை விட்டே போயிருக்கிறார்கள் என்று மச்சானே சொல்வார். அதற்கு முந்தின வருஷம் மச்சானின் தம்பி வீட்டில் ஒரு காதுகுத்து. அந்தத் தாய்மாமன் டிராக்டரில் தட்டுகளை ஏற்றிக் கொட்டு மேளத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். மதினி அத்தனை பேர் நடுவில் என் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "ஒங்க வீட்டுச் சீருக்குச் சைக்கிளு போதும்ல?" என்று கேட்டாராம். அக்கா இதை எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணை மட்டும் குழந்தையின் தலையில் வைத்திருந்தாள்.

அவள் போனபிறகு செல்வி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். தோடும் குழந்தைக்குப் பட்டுச் சட்டையும் எடுத்தால் கை காலி. தட்டுகளை எதை வைத்து நிறைப்பது? பழம், பலகாரம், பூ, கண்ணாடி, வளையல் என்று கடையில் வாங்கப்போனால் அவ்வளவுதான். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். செல்விதான் சொன்னாள்: "நம்மகிட்ட என்ன இருக்கு? கடலை இருக்கு. கடலையிலயே நெறப்புவோம். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக்கூடாது."

மண்டி முதலாளியிடம் கேட்க நான் ஒரு வாரம் அவர் முன்னால் நின்று நின்று திரும்பினேன். கடைசியில் அவரே, "என்னடா, கல்லாவையே சுத்திச் சுத்தி வார?" என்று கேட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும், "தாய்மாமன் சீருக்கா? நல்ல மூடையாப் பாத்துத் தூக்கிட்டுப் போடா" என்று ஒரு மூடை உரித்த கடலையைச் சீர்க் கணக்கிலேயே கொடுத்துவிட்டார். முந்திரி மட்டும் வெளியில் வாங்கினோம். முழுப் பருப்பு இல்லை, உடைசல். மிளகு போட்டுப் புரட்டினால் உடைசலா முழுசா என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்பது செல்வியின் கணக்கு.

எதிர் வீட்டு ஜமீலா அக்கா இதற்குள் வந்து சேர்ந்துகொண்டார். கோரிப்பாளையத்தில் நிக்காஹ் வீடுகளுக்குச் சமையலுக்குப் போகிறவர். பெரிய வடச்சட்டி, நீளக் கரண்டி, சல்லடை எல்லாம் அவரிடம் உண்டு. "தம்பி வீட்டுச் சீரு, நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பனா? தள்ளுமா செல்வி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இங்கேதான் அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். காதுகுத்து மச்சான் வீட்டுக் குலசாமி கோயிலில். தாய்மாமன் தட்டுகளை முதலில் சாமிக்கு முன்னால் வரிசையாக வைத்துப் பூசை முடிந்த பிறகுதான் சபைக்கு எடுப்பார்கள். அதனால் தட்டுக்குப் போகிற பண்டத்தைச் செய்கிறவர்கள் வாயில் வைக்கக் கூடாது. பொங்கலை எப்படி ருசி பார்க்காமல் சாமிக்குப் படைக்கிறோமோ அப்படி. செல்வி இதில் கண்டிப்பாக இருந்தாள். அவளுக்குப் பயம் எல்லாம் என்மேல்தான். மண்டியில் வேலை செய்கிறவனுக்குக் கை தானாகவே வாய்க்குப் போகும். கடலையைப் பார்த்தால் இரண்டு மெல்லாமல் இருக்கத் தெரியாது. ஒரு தடவை கை பாதி தூரம் போனதைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். பேசாதவன் வாயைக் கட்டியதில் வளவில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைய வாசனையை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது. ஒரு பக்கம் மணல் அடுப்பு. ஊறவைத்து உலர்த்திய கடலையைச் சூடான மணலில் போட்டுப் புரட்டும்போது முதலில் சத்தமே இருக்காது. பிறகு ஒன்று வெடிக்கும், இரண்டு வெடிக்கும். பிறகு தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. சலித்து எடுத்தால் தோலில் உப்புப் பூத்து வெள்ளையாக நிற்கும். இன்னொரு பக்கம் எண்ணெய்ச் சட்டி. கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், தட்டிய பூண்டு எல்லாவற்றையும் கடலையோடு பிசிறித் தண்ணீரை விரலால் தெளிக்க வேண்டும். ஊற்றினால் கெட்டது, அத்தனையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாகிவிடும். செல்விக்கு அந்தத் தெளிப்புக் கை வாய்த்திருந்தது. ஜமீலா அக்கா எண்ணெயில் அதை உதிர்த்துவிட்டு, பொன்னிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அள்ளிவிடுவார். "சட்டியில செவக்கக்கூடாது தம்பி. வெளிய வந்துதான் செவக்கணும்" என்பார். கடைசியில் அந்த எண்ணெயிலேயே கறிவேப்பிலையைக் கை நிறைய அள்ளிப் போடுவார். அந்தப் படபடப்புக்கு வளவே திரும்பிப் பார்க்கும். பிறகு நெய்யில் முந்திரி உடைசல், மேலே மிளகு. பிறகு வெல்லப்பாகு காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, அதில் வறுத்த கடலையைக் கொட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கிளறிக்கொண்டே ஆறவைத்தது. அந்தக் கிளறல்தான் என் வேலை. தோள்பட்டை கழன்றுவிட்டது.

நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜமீலா அக்கா வறுத்தெடுத்ததன் மேல் ஒரு கிண்ணத்திலிருந்து ஏதோ தூளை அள்ளி அள்ளித் தூவிக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்க நினைத்தேன். ஆனால் ஜமீலா அக்காவிடம் நான் அதுவரை முகம் பார்த்துப் பேசியதே இல்லை. துண்டுக்குள்ளிருந்து தொண்டையைக் கனைத்தேன். மிளகாய் நெடி ஏறிவிட்டது என்று நினைத்து அக்கா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். துண்டை இறக்கிக் குடித்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டேன்.

வளவில் இருந்த அத்தனை பேரும் அன்றைக்கு எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையைக் குறைத்தார்கள். "ஒரு வாய் குடுத்தா என்ன, சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டார்கள். செல்வி யாருக்கும் கொடுக்கவில்லை. பொழுது சாயும்போது பித்தளைத் தட்டுகளில் கோபுரம் கோபுரமாகக் குவித்து, மேலே கண்ணாடித் தாள் சுற்றி நூலால் கட்டினோம். தட்டுகளும் ஜமீலா அக்கா இரவல் வாங்கிக் கொடுத்தவைதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். பார்ப்பதற்கு, நான் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு வேனில் கிளம்பினோம். வளவில் இருந்து பாதிப்பேர் வந்தார்கள். ஜமீலா அக்காவும் பூப்போட்ட புதுச் சேலையில் முன் சீட்டில். தட்டுகள் எங்கள் மடியில். காளவாசல் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் ஜமீலா அக்கா சந்தோஷமாகத் திரும்பிச் சொன்னார்: "செல்வி, மேல நான் உப்பு மொளகாத் தூளு தூவுனேன்ல, உப்ப ஒரு கை கூடவே போட்டு வச்சேன்மா. சபையில எடுப்பா இருக்கணும்ல."

செல்வி தட்டைப் பிடித்திருந்த கையை இறுக்கினாள். "எந்த உப்புக்கா? நாந்தான் மாவுலயே போட்டுட்டேனே. முந்திரிக்கும் மிளகோட பொடி உப்பு இடிச்சு வச்சேனே."

"மாவுல போட்டியா? நீ சொல்லலயேம்மா."

"நீங்களும் கேக்கலயேக்கா."

 பிறகு செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணும் பண்ணலைல?"

"இல்ல" என்றேன். அவள் மூச்சு விட்டாள். "ஊறப்போட்டேன்ல..." என்றேன்.

"ஆமா. ஊறப்போட்டீக."

"எல்லாக் கடலையும் மொத்தமா ஊறப்போட்டேன்ல. மண்டியில ஊறப்போடுற மாதிரி. கல்லுப்புத் தண்ணியில."

 பின் சீட்டில் இருந்த ஒருவர், "தம்பி எப்பவாச்சும்தான் பேசுவாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் அடுத்தவர் செய்வதை ஒரு வாய் போட்டுப் பார்த்திருந்தால் முதல் ஈட்டிலேயே தெரிந்திருக்கும். வெல்லக் கடலைக்குச் சுட்ட மணலில் வறுத்த கடலையைத்தான் எடுத்தோம் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆகத் தப்பித்த தட்டு என்று ஒன்றும் இல்லை.

ஜமீலா அக்காவுக்குத்தான் முதலில் வழி தோன்றியது. "நான் வேணா ஒண்ணு வாயில போட்டுப் பாக்குறேம்மா. எம்புட்டுக் கரிக்குதுன்னாவது தெரியும்ல. ஒங்க சாமி என்னய ஒண்ணும் சொல்லாதுல்ல?"

செல்வி கண்ணாடித் தாளின் முடிச்சில் கையை வைத்தாள். அவிழ்க்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டாள். "வேணாங்கா. ஒங்களுக்கும் அது சாமிதான்" என்றாள். ஜமீலா அக்கா திரும்பி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

செக்கானூரணி வரைக்கும் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். தட்டுக் குறைந்திருந்தால்கூடப் போகட்டும், ஏழைத் தம்பி என்று விட்டுவிடுவார்கள். வாயில் வைக்க முடியாத சீரைக் கொண்டுவந்தான் என்றால் அக்கா ஆயுசுக்கும் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

கோயில் பொட்டல் நடுவில் இருந்தது. இரண்டு புளியமரம், சுற்றிலும் பனை. வைகாசி வெயில். பந்தலுக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை. நாங்கள் தட்டுகளை ஏந்தி வரிசையாக நடந்தபோது மதினி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாய் அசைந்தது. எண்ணுகிறார்.

"என்ன கொழுந்தனாரே, மண்டியையே பேத்துக் கொண்டாந்துட்டீகளா?" என்றார் சத்தமாக. "தங்கம் எங்கன இருக்கு? கடலைக்கு அடியில பொதைச்சு வச்சிருக்கீகளோ? காது குத்தவா வந்தீக, கடை போட வந்தீகளா?"

பந்தலே சிரித்தது. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். நல்லா வந்திருக்கடா என்று கண்ணாலேயே சொன்னாள். அவளுக்கு இன்னும் உப்பு விஷயம் தெரியாது. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

தட்டுகளைச் சாமிக்கு முன்னால் வைத்தார்கள். என்னை மணையில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை ஊரே கேட்கிற மாதிரி அலறி, என் புது வேட்டியை நனைத்துவிட்டது. "மருமக மாமனுக்குச் சீரு செஞ்சிட்டாடீ" என்றார் மதினி. அதற்கும் சிரிப்பு. என் காது சூடானது, குத்தியது எனக்குத்தான் என்கிற மாதிரி.

பூசை முடிந்தது. தாய்மாமன் தட்டை முதலில் பிரித்துக் கை வைக்க வேண்டியது குழந்தையின் அத்தை. அதாவது மதினி. அவர் மசாலாக் கடலைத் தட்டின் தாளைக் கிழித்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டார். பந்தலில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். செல்வி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மதினி மென்றார். புருவம் உயர்ந்தது. இன்னும் மென்றார். விழுங்கினார். "ஆத்தாடீ... தண்ணி!" என்றார்.

செம்பு வந்தது. அண்ணாந்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கொழுந்தனாரே..." என்று ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தையில் என் அக்காவின் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் புளியமரத்துப் பக்கமிருந்து மச்சான் வந்தார். கிடா வெட்டிக் கறி வேக இன்னும் நேரம் இருந்தது. மரத்துக்குப் பின்னால் ஆம்பளைகள் எதற்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் இருந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஊறுகாய்ப் பொட்டலத்தை மறந்துவிட்டு வந்திருந்தார்களாம். மச்சான் யாரையும் பார்க்காமல் மதினிக்கு முன்னாலிருந்த தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். மதினி வாயைத் திறந்தபடியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாக வந்தது. கொண்டுவந்தவர் அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். உப்புக் கடலை போனது. மிளகு முந்திரி போனது. வெல்லக் கடலையைக்கூட விடவில்லை. "இனிப்பும் கரிக்குதுடா மாப்ள, இது புதுசா இருக்கு!" என்று மரத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

மதினிக்குப் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தடிக்கே போனார். நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏண்டா, பச்சப்புள்ள சீர இப்பிடியா பேய்க மாதிரித் திம்பீக?"

"ஆத்தா, கறி மெதுவா வேகட்டும்," என்றார் அங்கே இருந்த ஒரு பெரியவர். "அந்தக் கடலத் தட்ட மட்டும் நிப்பாட்டிராதத்தா. ஆம்பளை நாக்க அறிஞ்சவன் எவனோ செஞ்சிருக்கான்."

அதற்குள் பந்தலிலும் கை நீண்டுவிட்டது. அந்த உப்புக்கு ஒரு குணம், முதல் வாயில் முகம் கோணும், இரண்டாவது வாயில் கை தானாகப் போகும். பெண்கள் தின்றார்கள், தண்ணீர் குடித்தார்கள், தின்றார்கள். பந்தலில் வைத்திருந்த தண்ணீர் டிரம் காலியானது. கிணற்றில் இறைத்து ஊற்றினார்கள், அதுவும் காலியானது. ரோட்டோரம் போன நுங்கு வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கொண்டுவந்ததை எல்லாம் அங்கேயே சீவி முடித்துவிட்டு மட்டைகளோடு திரும்பினார். அந்த மனிதர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியாமலே போயிருப்பார்.

மதினி திரும்பி வந்தார். மிச்சம் இருந்த தட்டில் இரண்டு கை அள்ளி முந்தியில் முடிந்துகொண்டார். "வீட்டுல ஒருத்தரு கால் ஒடிஞ்சு கெடக்காரு, அவருக்கு" என்று யாரும் கேட்காமலே சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பந்தல் அமைதியாகவே இருந்தது.

"அடுத்த காதுகுத்துக்கு உப்ப ஒரு கை கொறைச்சுப் போட்டுக் கொண்டு வாங்க" என்றார்.

அடுத்த காதுகுத்து. முதல் பிள்ளைக்கே அத்தனை வருஷம் காத்திருந்த என் அக்காவைப் பார்த்து, அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அக்கா குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மறைக்காமலே சிரித்தாள். உரக்க. எங்கள் அம்மா சிரிக்கிற மாதிரி. ஜமீலா அக்கா நுங்கைக் குடித்துக்கொண்டே செல்வியிடம், "பாத்தியா, நான் சொன்னேன்ல, எடுப்பா இருக்கும்னு" என்றார்.

அடுத்த காதுகுத்து நடக்கத்தான் செய்தது. அக்காவுக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்தான். நாங்களும் உப்பைக் குறைத்துத்தான் கொண்டுபோனோம். "ஏன், மதுரையில உப்புக்குத் தட்டுப்பாடா?" என்று கேட்டார் மதினி. அதற்கு அடுத்த விசேஷத்தில் மிளகு கூடிவிட்டது என்றார், அதற்கும் அடுத்ததில் பூண்டு நாறுகிறது என்றார். நல்லா இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் விசேஷம் என்று பேச்சு எடுத்த உடனே, பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், "பேச்சியம்மா கேட்டுச்சு, கடலை உண்டுல்லன்னு" என்று மதுரைக்கு ஆள் மாற்றி ஆளாகச் சேதி வந்துவிடும். செல்வி உடனே முறத்தை எடுத்துவிடுவாள். எனக்கும் அந்தக் குடும்பத்துக்குள் நுழையும்போது இருந்த கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. திட்டுவதற்கு என்று ஒருவர் வாசலில் காத்திருக்கும்போது, எப்படி உள்ளே போவது, என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அவர் ஆரம்பித்து வைப்பார். கடைசிக் காலத்தில் பல் போய்விட்டது. கடலையை இடித்துத் தூளாக்கிச் செல்வி கொண்டுபோவாள். "இது என்ன, மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சம்படம் முழுவதையும் காலி செய்வார். போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது.

கோரிப்பாளையத்து வளவு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி. ஜமீலா அக்கா மகனோடு திருச்சிக்குப் போய்விட்டார். பெருநாளுக்குப் போனில் பேசுவோம். பேசுவது செல்விதான், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. மண்டியில் இருந்து வெளியே வந்து சின்னதாக ஒரு கடலைக் கடை போட்டேன், அது ஓடுகிறது. மகள் படித்துவிட்டாள்.

போன ஆவணியில் அன்றைக்கு என் மடியில் அலறியதே, அந்தக் குழந்தையின் குழந்தைக்குக் காதுகுத்து. காளவாசல் பக்கம் ஏசி மண்டபம். இந்தத் தடவை தாய்மாமன், என் அக்காவின் மகன். அவனுக்குச் சென்னையில் நல்ல வேலை. சீர்த் தட்டுக்கு என்றே ஆட்கள் இருக்கிறார்களாம், அவர்களே வண்டியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். மயில் மாதிரி ஒரு தட்டு, தேர் மாதிரி ஒரு தட்டு. பாதாம், பிஸ்தா, முந்திரி எல்லாம் கண்ணாடிக் குடுவைகளில், விதவிதமான மசாலா வாசனையில், ரிப்பன் கட்டி. வீடியோக்காரர் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி எடுத்தார். செல்வியும் நானும் ஒரு தூக்குச்சட்டி நிறைய மசாலாக் கடலை செய்துகொண்டு போயிருந்தோம், அதையும் ஓரமாக வைத்தோம். இந்தத் தடவையும் வாயில் வைத்துப் பார்க்காமல்தான்.

எல்லோரும் தின்றார்கள். குடுவையில் இருந்ததையும் தின்றார்கள், தூக்குச்சட்டியில் இருந்ததையும் தின்றார்கள். "சூப்பர் மாமா" என்றார்கள். "செமையா இருக்கு தாத்தா" என்றார்கள். ஒரு பையன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அக்காவுக்கு முழங்கால் வலி, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் நாலைந்து கடலையை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"யாருமே ஒரு வார்த்த குத்தம் சொல்ல மாட்டேங்குறாகடா" என்றாள்.